காயலான் கடைக்குப் போக இருந்த கேமரா! வயிற்றுக்குள் கிடந்தது 36 வருட ரகசியம்!

(நமது நிருபர்)

முன்னூறு ரூபாய்!

அவ்வளவுதான் விலை. காயலான் கடைக்காரர் தராசைக்கூடத் தூக்கவில்லை. கையில் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். "தகரம் கொஞ்சம், கண்ணாடி கொஞ்சம். முன்னூறு தரேன், வச்சுட்டுப் போங்க" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. அடியில் இருந்த திருகைத் திருகி, கேமராவின் பின்மூடியை 'படக்'கென்று திறந்தும் விட்டார்.

உள்ளே பிலிம் இருந்தது!

அந்த ஒரு நொடியில் ஒரு குடும்பத்தின் பொக்கிஷம் பாதி வெந்துபோனது. மீதிப் பாதி எப்படித் தப்பியது என்பதுதான் இந்தக் கதை.

சாக்கடைக்குப் போய் கேமராவைப் பிடித்தோம்!

கடந்த மழைக்காலத்தில், சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று புகார். செய்தி எடுக்கப் போனோம். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க ஒரு மாடிப்படி கிடைத்தது. படியின் உச்சியில் ஒரு அறை. எட்டடிக்கு எட்டடி இருந்தால் அதிகம்.

அறை முழுக்கக் கேமராக்கள். கை போனது, கால் போனது, கண் போனது என்று ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வரிசையாகக் கிடந்தன. நடுவில் ஒரு பெரியவர். கண்ணில் கடிகாரக் கடைக்காரர் மாட்டுகிற பூதக் கண்ணாடி. வயது 74.

"என் பேரைப் போடாதீங்க தம்பி. பேர் வந்தா ஊர்ல இருக்கிற உடைசல் எல்லாம் இங்கே வந்துடும். எனக்கு இருக்கிறது ரெண்டு கைதான்" என்றார். ஆகவே பெயர் போடவில்லை.

1967-ல், 16 வயதில், மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய கேமரா கடையில் டீ வாங்கித்தரும் பையனாகச் சேர்ந்தவர். முதலாளி கேமராவைப் பிரிக்கும்போது விளக்கைப் பிடிப்பது இவர் வேலை. விளக்கைப் பிடித்தபடியே வேலையைப் பிடித்துக்கொண்டார். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. முதலாளி தொழிலை விட்டார். இவர் விடவில்லை.

அவரிடம் நாம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஈரக் குடையோடு ஒரு அம்மாவும், கல்லூரி வயதுப் பையன் ஒருவனும் படியேறி வந்தார்கள். பையன் கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் துண்டில் சுற்றிய அந்தக் கேமரா.

வளையலை விழுங்கிய யாஷிகா

அந்த அம்மாளுக்கு வயது 52. கூட்டுறவு அலுவலகம் ஒன்றில் கிளார்க். பழைய வண்ணாரப்பேட்டையில் வாடகை வீடு. அவருடைய அப்பா அதே பகுதியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். எம்.சி. ரோட்டில் துணி எடுத்துக் கல்யாணம் செய்த எத்தனையோ ஜோடிகளை மாலையும் கழுத்துமாக நிற்க வைத்துப் படம் பிடித்தவர். சென்ற வருடம் காலமாகிவிட்டார்.

வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. பரணை ஒழித்தார்கள். பித்தளை அண்டாவுக்குப் பின்னால், தோல் உறைக்குள் இருந்தது கேமரா.

அந்த அம்மாள் நம்மிடம் கூறியதாவது:-

"இது எங்க அம்மாவோட ரெண்டு வளையலை அடகு வச்சு வாங்கினது தம்பி. சிங்கப்பூர்லேர்ந்து கப்பல்ல வந்த ஒருத்தர்கிட்டே அப்பா வாங்கினார். அப்போ நான் சின்னப் பொண்ணு. வளையல் திரும்பி வரவே இல்லை. ஆனா அந்தக் கேமராதான் எங்களுக்குச் சோறு போட்டுது.

"1989 பொங்கல் கழிஞ்சு பத்தாம் நாள் அம்மா தவறிட்டாங்க. மஞ்சள் காமாலை. அன்னியோட அப்பா இதைத் தொடலை. வேற கேமரா வாங்கி வேலை பார்த்தார். இதைப் பரண்ல போட்டுட்டார். ஏன்னு கேட்டா பதில் சொல்ல மாட்டார்.

"ஊரையெல்லாம் படம் புடிச்ச மனுஷன் வீட்டுல பொண்டாட்டிக்கு ஒரு படம் இல்லை தம்பி! சுவத்துல மாட்டியிருக்கிறது, யாரோ கல்யாணத்துல கும்பலோட நின்ன படத்துலேர்ந்து வெட்டிப் பெருசாக்கி, மையால தீட்டினது. மூக்கு, கண்ணு எல்லாம் வரைஞ்சது. பார்த்துப் பார்த்து எனக்கு அம்மா முகமே அந்தச் சுவத்துப் படமா ஆயிடுச்சு. நெஜ முகம் மறந்து போச்சு."

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கேமராவை வாங்கி, பக்கவாட்டில் இருந்த எண்ணைப் பார்த்தார். 7.

"ஆறு படம் எடுத்திருக்கார். ஏழாவதுக்குத் தயாரா வச்சிருக்கார். இதை யாராவது தொறந்தீங்களா?" என்றார்.

பையன் தலையைக் குனிந்தபடி காயலான் கடை விஷயத்தைச் சொன்னான். திறந்ததும் பிடுங்கி மூடிவிட்டானாம். பிறகு கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறான். "இதெல்லாம் இப்ப யாரு பார்க்கிறா?" என்று திருப்பி அனுப்பியவர்கள் பலர். 4 ஆயிரம் தருகிறேன், கேமராவை மட்டும் கொடு, பிலிமைத் தூக்கிப் போடு என்றார் ஒருவர். அந்த ஒருவருக்கு விற்றிருந்தால் கதை முடிந்திருக்கும்.

இரண்டு கண் எதற்கு?

இந்தக் கேமராவைப் பார்க்காத இளவட்டங்களுக்கு ஒரு வார்த்தை.

இது 'யாஷிகா மேட் 124 ஜி'. ஜப்பான் சரக்கு. 1970 முதல் 1986 வரை தயாரானது. முகத்தில் மேலும் கீழுமாக இரண்டு கண். மேல் கண் பார்ப்பதற்கு, கீழ்க் கண் படம் பிடிப்பதற்கு. உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி. மேல் கண் வழியாக வரும் உருவத்தை அது மேலே தள்ளும். தலையில் உள்ள மூடியைத் திறந்து, குனிந்து பார்த்தால் தேய்த்த கண்ணாடியில் உருவம் தெரியும். இடது வலதாகவும், வலது இடதாகவும்!

124 என்றால் 12-ம் 24-ம். சாதாரண 120 ரோல் போட்டால் 12 படம். நீள ரோல் போட்டால் 24 படம். ஜி என்பது தங்கம். வெளிச்சம் அளக்கும் கருவியின் மின் இணைப்புகளில் தங்க முலாம் பூசியிருப்பதால் அந்தப் பெயர். (தங்கம் என்றதும் உடைத்துப் பார்க்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத முலாம்தான்!)

யாஷிகா கம்பெனியை 1983-ல் கியோசெரா என்ற ஜப்பான் நிறுவனம் எடுத்துக்கொண்டது. 2005-ல் கியோசெராவும் கேமரா தொழிலை விட்டது. ஆகவே உதிரி பாகம் என்று கேட்டு யாரிடமும் போக முடியாது. ஒரு கேமரா பிழைக்க வேண்டுமானால் இன்னொரு கேமரா சாக வேண்டும். பெரியவரின் அறையில் கிடந்த உடைசல்கள் எல்லாம் அதற்குத்தான்.

கறுப்புப் பைக்குள் ஆபரேஷன்

சுற்றும் கைப்பிடி அசையவில்லை. பிலிமைக் கடைசிவரை சுற்றி எடுக்க வழியில்லை. பலமாகத் திருகினால் பல்சக்கரம் உடையும்.

"கேமரா மக்கர் பண்ணா பலத்தைக் காட்டக் கூடாது தம்பி. அது வேணாம்னா வேணாம்தான்" என்றார் பெரியவர்.

மூலையில் இருந்து ஒரு கறுப்புப் பையை எடுத்தார். இரட்டைத் துணி. சட்டைக் கை மாதிரி இரண்டு கை, மணிக்கட்டில் இறுக்கும் ரப்பர். கேமராவை உள்ளே வைத்து ஜிப்பை மூடினார். இரண்டு கையையும் விட்டார். கண்ணை மேலே கூரைப் பக்கம் வைத்துக்கொண்டார். விரல் மட்டும் பார்க்கிறது.

பத்து நிமிடம் ஆனது. மழைச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

"காகிதம் பிலிமோட ஒட்டியிருக்கு... ம்... விடுது... விடுது..."

120 பிலிமின் முதுகில் ஒரு கறுப்புக் காகிதம் உண்டு. சென்னைக் காற்றின் ஈரத்தில் வருடக்கணக்கில் கிடந்தால் காகிதம் பிலிமோடு பசை போட்டது போல ஒட்டும். வெடுக்கென்று பிரித்தால் படம் காகிதத்தோடு போய்விடும். பையன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

பெரியவர் கை வெளியே வந்தபோது, ஒளி புகாத டப்பா ஒன்றில் பிலிம் பத்திரமாக இருந்தது. மீதிக் காகிதத்தை வெளிச்சத்தில் காட்டினார். 'இந்து' என்று அச்சடித்திருந்தது.

நம் ஊட்டிப் பிலிம்! இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு ஆலை 1960-ல் தொடங்கி, 1967-ல் உற்பத்தியை ஆரம்பித்தது. கறுப்பு வெள்ளை பிலிம், பிரிண்ட் காகிதம், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்கே தயாராயின. பிறகு நலிந்தது, இன்று ஆலை மூடிக்கிடக்கிறது. ஆலை செத்தாலும் அது ஊற்றிய பிலிம் ஒன்று வண்ணாரப்பேட்டைப் பரணில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"உள்சுற்று தப்பியிருக்கும்!"

"மூடியைத் திறந்தாச்சே, இன்னும் படம் இருக்குமா?" என்று கேட்டோம்.

பெரியவர் ஒரு கயிற்றை எடுத்து விரலில் சுற்றிக் காட்டினார்.

"முதல் படம் எங்கே இருக்கும்? எல்லாத்துக்கும் உள்ளே. ரெண்டாவது அதுக்கு மேலே. கடைசியா எடுத்தது வெளிச்சுத்து. மூடியைத் திறந்தா வெளிச்சுத்துதான் வெளிச்சத்தைக் குடிக்கும். உள்ளே இருக்கிறது காகிதத்துக்குள்ளே இறுக்கமா இருக்கும். ஓரம் வேணா எரிஞ்சிருக்கும். ஏழு போச்சு. ஆறும் போச்சுன்னு வச்சுக்குங்க. அஞ்சு ஆண்டவன் விட்ட வழி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு இருக்கலாம்."

அந்த அம்மாள் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஐஸ் கட்டி, பக்கெட், பாத்ரூம்

மறுநாள் இரவு 9 மணி. பெரியவரின் பாத்ரூம்தான் இருட்டறை. ஜன்னல் சந்தில் கறுப்புக் காகிதம். கதவு இடுக்கில் துண்டு. சினிமாவில் காட்டுகிற சிவப்பு விளக்கு கிடையாது. "அது பிரிண்ட் போடற காகிதத்துக்கு. பிலிமுக்குச் சிவப்பும் ஆகாது. கும்மிருட்டுதான்" என்றார்.

எடுத்த உடனே முழு பிலிமையும் மருந்தில் போட்டுவிடவில்லை. படம் எடுக்காத வால் பகுதியில் இரண்டு விரல் அளவு வெட்டினார். அதை மட்டும் முதலில் கழுவிப் பார்த்தார். பளிச்சென்று இருக்க வேண்டிய துண்டு சாம்பல் பூத்து வந்தது. 36 கோடை வெயில் செய்த வேலை! பிலிமை யாரும் திறக்காவிட்டாலும் வெக்கையே அதை மெல்ல மெல்லக் கறுக்க வைக்கும். அந்தச் சாம்பல் படத்தை விழுங்காமல் இருக்க, டெவலப்பரில் கொஞ்சம் பொட்டாசியம் புரோமைடு சேர்த்தார்.

மருந்து 20 டிகிரியில் இருக்க வேண்டும். சென்னையில் குழாய்த் தண்ணீர் ஏது 20 டிகிரி? பக்கெட்டில் ஐஸ் கட்டி, ஐஸ் தண்ணீருக்குள் மருந்து பாட்டில், பாட்டிலுக்குள் தெர்மாமீட்டர். மீன் மார்க்கெட் மாதிரி இருந்தது பாத்ரூம்.

இருட்டில் பிலிமைச் சக்கரத்தில் ஏற்றி டப்பாவை மூடினார். பிறகு விளக்கைப் போட்டுவிடலாம். டப்பாவுக்குள் மருந்து மட்டும் போகும், வெளிச்சம் போகாது. டெவலப்பர் ஊற்றி, நிமிடத்துக்கு ஒரு தரம் கவிழ்த்து நிமிர்த்தினார். பிறகு கொட்டிவிட்டுத் தண்ணீர். பிறகு ஹைப்போ.

கொலைக் கேஸில் தீர்ப்புக்காகக் கோர்ட்டு வராந்தாவில் காத்திருந்திருக்கிறோம். போஸ்ட்மார்ட்டம் முடியும்வரை ஆஸ்பத்திரி வாசலில் இரவைக் கழித்திருக்கிறோம். ஆனால் அந்த ஹைப்போ நிமிடங்கள் போல நீளமான நிமிடங்களை நாம் பார்த்ததில்லை.

டப்பாவைத் திறந்தார். சொட்டச் சொட்டப் பிலிமை விளக்குக்கு நேரே தூக்கினார்.

7 - கறுப்பு. 6 - கறுப்பு. 5 - பாதி கறுப்பு. மீதியில் ஒரு வாசற்படியும் ஒரு சேலைக் கரையும் மட்டும்.

4 - அவர் பேசவில்லை. பூதக் கண்ணாடியை அந்த அம்மாளிடம் நீட்டினார்.

பூசணிப் பூ சொன்ன சாட்சி

நெகடிவ் காய்ந்ததும் பையன் செல்போனில் படம் பிடித்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றினான். 1, 2, 3 யாரோ ஒரு கல்யாண ஜோடி. மாப்பிள்ளை மிரண்டுபோய் நிற்கிறார்.

நாலாவது படம் ஒரு வீட்டு வாசல். பெரிய கோலம். கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையார். அதன் தலையில் பூசணிப் பூ. ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். கேமராவைப் பார்த்துவிட்டார். "வேணாம்" என்று கையை நீட்டி மறைக்கப் பார்க்கிறார். கை முழுக்கக் கோல மாவு. ஆனால் கை முகத்துக்கு வந்துசேருமுன் ஷட்டர் விழுந்துவிட்டது. முகம் முழுசாகச் சிரிக்கிறது!

படத்தின் இடது ஓரத்தில் நெருப்புச் சுட்டது போல ஒரு பட்டை. காயலான் கடையில் மூடியைத் திறந்ததன் தழும்பு. இன்னும் ஒரு சுற்று வெளியே இருந்திருந்தால் முகத்தின் மேலேயே விழுந்திருக்கும்.

நிருபர் புத்தி போகுமா? துப்புத் துலக்கினோம். பூசணிப் பூ வைத்த கோலம் என்றால் மார்கழி. அம்மா இறந்தது பொங்கல் கழிந்து பத்தாம் நாள். அப்படியானால் அந்த அம்மாள் கண்ணை மூடுவதற்கு 40 நாளுக்குள் எடுத்த படம் இது.

மகள் நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:-

"எப்பவும் இப்படித்தான் கையைக் காட்டுவாங்க. 'என்னை எதுக்கு எடுக்கிறீங்க, பிலிம் காசு தண்டம்'னு சொல்லுவாங்க. மறந்தே போயிட்டேன்... முன் பல்லுல ஒரு சின்ன இடைவெளி இருந்துச்சு. சுவத்துப் படத்துல அதை மூடி வரைஞ்சுட்டாங்க தம்பி."

குனிந்து பார்க்கிற கேமராவுக்கு ஒரு குணம் உண்டு. எடுக்கிறவர் எதிராளியை முறைத்துப் பார்ப்பதில்லை. கும்பிடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொள்கிறார். எடுக்கப்படுகிறவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும். அந்தத் தாமதத்தில் கிடைத்த படம் இது.

அப்பா ஏன் இதைக் கழுவவில்லை? அது யாருக்கும் தெரியாது. பெரியவர் மட்டும் சொன்னார்: "கழுவற வரைக்கும் படம் இருக்குதுன்னு நினைச்சுக்கலாம் தம்பி. கழுவி ஒண்ணும் வரலேன்னா? அந்தப் பயம் எங்க தொழில்ல எல்லாருக்கும் உண்டு."

கண்ணில் காளான், தொண்டையில் கோழை

பிலிம் பிழைத்தது. கேமரா?

அடுத்த இரண்டு வாரம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபரேஷன். பையன் உதவி. நாம் வேடிக்கை.

முதல் வியாதி, ஷட்டர். விசையை அமுக்கினால் திறந்தது, மூடவில்லை. வேகம் குறைந்த ஷட்டருக்கு உள்ளே கடிகாரம் போலச் சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் உண்டு. ஒரு விநாடியை அளந்து விடுவது அவைதான். அதில் விட்ட எண்ணெய் வருடக்கணக்கில் காய்ந்து பிசின் ஆகிவிட்டது. தொண்டையில் கோழை கட்டியது போல! முன்தோலை உரித்து, முகத்தகட்டைக் கழற்றி, இரண்டு முள் உள்ள சாவியால் லென்ஸைத் திருகி எடுத்தார். சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கழுவினார். காய்ந்ததும் அச்சு முனைகளில் மட்டும் ஊசி முனை அளவு எண்ணெய். திறந்து மூடும் தகடுகளில் எண்ணெய் படவே கூடாது; பட்டால் மறுபடி ஒட்டும்.

ஸ்க்ரூ கழற்றும்போது ஒரு விஷயம் சொன்னார். ஜப்பான் கேமராவின் கூட்டல் குறி ஸ்க்ரூவும், நாம் கடையில் வாங்கும் ஸ்க்ரூ டிரைவரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஒன்றல்ல. பொருந்தாத டிரைவரால் திருகினால் தலை மழுங்கிவிடும். பிறகு கழற்றவே முடியாது. ஜப்பான் ஸ்க்ரூவுக்கென்று தனி டிரைவர் வேண்டும்.

இரண்டாவது வியாதி, கண்ணில் காளான். லென்ஸின் உள்பக்கம் சிலந்தி வலை போல வெள்ளை நூல்கள். தோல் உறையில் வைத்ததன் பலன். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். இருட்டும் சேர்ந்தால் காளானுக்குக் கொண்டாட்டம். ஹைட்ரஜன் பெராக்சைடும் அமோனியாவும் கொஞ்சமாகக் கலந்து, பஞ்சில் தொட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடைத்தார். வலை போனது. ஒரு மூலையில் மட்டும் கோடு நின்றது. "அது கண்ணாடியைத் தின்னுட்டுது. இனி வராது, போகவும் போகாது. படத்துல தெரியாது" என்றார்.

மூன்றாவது, உள்ளே சாய்ந்திருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி. பையன் சட்டை நுனியால் துடைக்கப் போனான். பெரியவர் கையைத் தட்டிவிட்டார். வீட்டுக் கண்ணாடிக்கு ரசம் முதுகில் இருக்கும். இதற்கு முகத்தில் இருக்கிறது. அழுத்தித் துடைத்தால் ரசமும் சேர்ந்து வந்துவிடும். தூசியை ஊதும் ரப்பர் பந்து மட்டும் போதும்.

நாலாவது, மூடி ஓரத்துப் பஞ்சு. வெளிச்சம் உள்ளே புகாமல் தடுக்கிற பஞ்சு அது. தொட்டால் தார் மாதிரி கையில் ஒட்டியது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பஞ்சு ஒட்டினார்.

கடைசியில் பரீட்சை. பிலிம் இருக்கும் இடத்தில் மங்கலான கண்ணாடித் துண்டை வைத்து, ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி, மொட்டை மாடிக்குப் போனோம். மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்துக்குக் குறி வைத்தார். மேல் கண்ணில் அது எப்போது தெளிவாகிறதோ, அப்போதே கீழ்க் கண்ணிலும் தெளிவாக வேண்டும். ஒன்று முந்தி, ஒன்று பிந்தினால் எல்லாப் படமும் மங்கல்தான். இரண்டும் ஒரே நேரத்தில் தெளிந்தன.

ஷட்டர் வேகத்தைப் பெரியவர் காதால் அளந்தார். 'கிர்ர்ர்...டக்.' "ஒரு செகண்டு சரி" என்றார். பையன் நம்பவில்லை. செல்போனில் மெதுவோட்டப் படம் எடுத்து எண்ணிப் பார்த்தான். பெரியவரின் காது ஜெயித்தது.

கூலி? இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். பிலிம் கழுவியதற்கு வாங்க மறுத்துவிட்டார்.

பேட்டரி எங்கே கிடைக்கும்?

வெளிச்சம் அளக்கும் கருவிக்கு அந்தக் காலத்தில் பாதரச பேட்டரி போட்டார்கள். பாதரசம் விஷம். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் அது கடலில் கலந்து, மீன் வழியாக மக்களை முடமாக்கியது. அந்த ஊர் பெயரிலேயே 2013-ல் உலக ஒப்பந்தம் போட்டு பாதரசத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். பழைய பேட்டரி இனி இல்லை. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரியை ஒரு வளையத்துக்குள் பொருத்தினால் கிட்டத்தட்ட அதே மின் அழுத்தம் வருகிறது.

அதுவும் இல்லையா? கவலை வேண்டாம். பேட்டரி இல்லாமலே இந்தக் கேமரா படம் பிடிக்கும். நல்ல வெயிலில் துவாரத்தை 16-ல் வையுங்கள். பிலிம் 400 என்றால் ஷட்டர் 500-ல். பிலிம் 125 என்றால் ஷட்டர் 125-ல். மேகம் மூடினால் துவாரத்தை 8 ஆக்குங்கள். சென்னை வெயில் ஏமாற்றாது!

உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம்!

பழைய கேமரா கிடைத்தால் என்ன செய்வது? பெரியவர் சொன்ன யோசனைகள்:-

1. பின்மூடியைத் திறக்காதீர்கள். எண் காட்டும் இடத்தில் 1 முதல் 12-க்குள் ஏதாவது இருந்தால் உள்ளே பிலிம் இருக்கலாம்.

2. எதையும் பலமாகத் திருகாதீர்கள். தானாகப் படம் எடுக்கும் நெம்புகோலைத் தொடவே வேண்டாம். பழைய கேமராவில் அங்கேதான் முதலில் சிக்கும்.

3. லென்ஸில் எண்ணெய் விடாதீர்கள். வேட்டி நுனியால் துடைக்காதீர்கள்.

4. தோல் உறையில் பூட்டி வைக்காதீர்கள். மூடி இறுக்கமான டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். மாதம் ஒரு முறையாவது எடுத்து ஷட்டரை நாலு தரம் அமுக்குங்கள். ஓடாத கேமராதான் கெட்டுப்போகும்.

5. காயலான் கடைக்குப் போடுமுன், வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஞாயிறுதோறும் ஒரு சீடன்

"எனக்கு அப்புறம் இந்த உடைசலை எல்லாம் யார் பார்ப்பாங்கன்னு நினைப்பேன் தம்பி. என் பையன்களுக்கு இது பிடிக்கலை. தப்பு சொல்ல மாட்டேன், இதுல காசு இல்லை" என்று முதல் நாள் நம்மிடம் சொல்லியிருந்தார் பெரியவர்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வண்ணாரப்பேட்டையில் இருந்து மெட்ரோ ரெயில் ஏறி அந்தப் பையன் சிந்தாதிரிப்பேட்டைக்கு வருகிறான். விளக்கைப் பிடிக்கிறான். ஸ்க்ரூக்களைக் காந்தத் தட்டில் வரிசையாக வைக்கிறான். கழற்றக் கழற்றச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறான். "எங்க காலத்துல இது இல்லையே! எத்தனை ஸ்பிரிங்கைத் தொலைச்சிருக்கேன்!" என்று பெரியவர் சிரிக்கிறார்.

கேமராவில் புது பிலிம் ஏற்றினார்கள். வெளிநாட்டுப் பிலிம், கறுப்பு வெள்ளை. 12 படத்துக்குப் பல நூறு ரூபாய் ஆகிறது. கண்டபடி அமுக்க முடியாது. காகிதத்தில் உள்ள அம்புக்குறியைக் கேமராவின் குறியோடு சேர்த்து, மூடியை மூடி, கைப்பிடியை நிற்கும்வரை சுற்றி, 1 வந்ததும் பின்னால் திருப்பி அதன் இடத்தில் நிறுத்தினான் பையன்.

முதல் படம் யாரை?

அவன் அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினார். "என்னை எதுக்குடா எடுக்கிறே? பிலிம் காசு தண்டம்!"

பையன் கேட்கவில்லை. தலையைக் குனிந்தான். 'க்ளிக்.'

சுவரில் இருந்த தீட்டிய படத்தை அந்த அம்மாள் இறக்கிவிட்டார். அந்த ஆணியில் இப்போது கோல மாவுக் கையோடு ஒரு சிரிப்பு தொங்குகிறது. இடது ஓரத்துத் தழும்பை வெட்டிவிடலாமா என்று பிரிண்ட் போட்டவர் கேட்டாராம்.

"இருக்கட்டும்" என்றாராம் மகள்.

(சிந்தாதிரிப்பேட்டைத் தெருவில் சாக்கடை அடைப்பும் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றிய செய்தி தனியே வரும்.)